உடும்புப் பிடி வேண்டாம்: ரோபோ கை செய்யும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இறுதியாண்டு ப்ராஜெக்டாக ரோபோ கையோ க்ரிப்பரோ செய்துகொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வைவா நடத்த வெளித்தேர்வாளராகக் கல்லூரி கல்லூரியாகப் போய்வருகிறவன் நான். மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ், இப்போது தனித்துறையாகவே வந்துவிட்ட ரோபோடிக்ஸ் என்று எந்தத் துறைக்குப் போனாலும் ஏதாவது ஒரு மேசைமேல் ஒரு கை இருக்கும். த்ரீ-டி பிரிண்டரில் எடுத்த விரல்கள், தூண்டில் நரம்பால் இழுபடும் மூட்டுகள், கீழே ஒரு ஆர்டுயினோ. பின்னால் போஸ்டரில் கொட்டை எழுத்தில் ‘2 கிலோ தூக்கும்’, ‘5 கிலோ தூக்கும்’. எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்று கேட்டால் நான்கு பேரும் ஒரே குரலில் பதில் சொல்கிறார்கள். எவ்வளவு குறைவாகப் பிடித்தால் போதும் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்த மடல். பொருள் நழுவத் தொடங்கும் எல்லை எங்கே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, அதற்குச் சற்று மேலே நிற்பதற்குப் பெயர்தான் பிடி. எல்லை தெரியாதவனுக்கு இருப்பது ஒரே வழி: முடிந்த மட்டும் இறுக்குவது. உங்கள் கைகளில் பெரும்பாலானவை அதைத்தான் செய்கின்றன.

முதலில் கணக்கு. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு விரல்கள் பக்கவாட்டில் பிடித்துத் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 4.9 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.3 என்றால் ஒவ்வொரு விரலும் சுமார் 8.2 நியூட்டன் அழுத்த வேண்டும். உங்களில் பாதிப் பேர் வாங்கும் சர்வோ எம்.ஜி.996ஆர். 4.8 வோல்ட்டில் அது நின்றுபோகும் நிலையில் தரும் முறுக்கு 9.4 கிலோ-செ.மீ. என்று தரவுத்தாள் சொல்கிறது. ஒரே சர்வோ, பல்சக்கரம் வழியாக இரண்டு விரலுக்கும் பிரிகிறது, விரல் நீளம் 6 செ.மீ. என்றால் விரல்நுனிக்கு வந்துசேர்வது 7.7 நியூட்டன். 8.2 தேவை, 7.7 இருக்கிறது. பாட்டில் விழுகிறது. சர்வோ சூடாகிறது. கைடு, “பெரிய மோட்டார் போடுங்கப்பா” என்கிறார்.

போடாதீர்கள். விரல்நுனியில் ஒரு துண்டு ரப்பரை ஒட்டுங்கள். உலர்ந்த பிளாஸ்டிக்மேல் ரப்பருக்குக் குணகம் 0.8 கிடைத்தாலே தேவை 3.1 நியூட்டனாக இறங்கிவிடும். அதே சர்வோ, தன் பலத்தில் பாதிகூடச் செலவழிக்காமல் பாட்டிலைத் தூக்கும். அந்த 0.8-ஐ எந்தக் கையேட்டிலிருந்தும் எடுக்க வேண்டாம். பாட்டில் பிளாஸ்டிக்கை ஒரு பலகையில் ஒட்டி, அதன்மேல் உங்கள் ரப்பர் துண்டை வைத்துப் பலகையை மெல்ல உயர்த்துங்கள். துண்டு வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன் மதிப்புதான் உராய்வுக் குணகம். பாலிடெக்னிக் முதலாண்டில் படித்ததுதான். ஆனால் இதைச் செய்துபார்த்துவிட்டு வந்த குழு அபூர்வம். ‘ரப்பர் – 0.7, ஆதாரம்: இணையம்’ என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். பாட்டில் ஃபிரிட்ஜிலிருந்து வந்தால் அதன்மேல் நீர் பூத்திருக்கும். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தால் எண்ணெய் இருக்கும். அப்போதெல்லாம் அந்த 0.7 எங்கே போகும்? சர்வோ வெடுக்கென்று தூக்கினால் முடுக்கத்தின் பங்கும் சேரும். புவியீர்ப்பில் பாதி அளவு முடுக்கத்தோடு மேலே போனாலே தேவைப்படும் விசை ஒன்றரை மடங்கு.

கீயோம் அமோன்தோன் 1699இல் பாரிஸில் சொன்ன விதியை எல்லாரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள்: உராய்வு சுமைக்கு நேர்விகிதம், தொடுபரப்பைச் சார்ந்ததில்லை. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது ஓரளவு சரி. ரப்பருக்கும் தோலுக்கும் சரிவராது. மென்மையான, வளைந்த ஒரு நுனியை ஒரு தளத்தின்மேல் அழுத்தும்போது தொடுபரப்பு சுமையின் மூன்றில் இரண்டு அடுக்காக வளரும் என்று ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1882இல் கணக்கிட்டார். உராய்வு பரப்பைப் பின்தொடர்ந்தால், இரண்டு மடங்கு இறுக்கிய விரலுக்குக் கிடைக்கும் உராய்வு சுமார் 1.6 மடங்குதான். இறுக்க இறுக்கக் குணகம் தேய்ந்துகொண்டே வருகிறது. மென்விரல் செய்பவர்களுக்கு இது பெரிய செய்தி: மோட்டாரில் கொட்டும் பணத்துக்கு முழு வரவு இல்லை.

இனி மனிதக் கை. உங்கள் போஸ்டர்களில் எல்லாம் ‘மனிதக் கையின் தூண்டலில்’ என்று ஒரு வரி இருக்கிறது. தூண்டியது எது என்று பார்த்தால் ஐந்து விரல், மூன்று மூட்டு. அது எலும்புக்கூடு. கை வேலை செய்யும் விதம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சனும் யோரான் வெஸ்ட்லிங்கும் 1984இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் எல்லாரும் படித்தே ஆக வேண்டும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துத் தூக்கும் ஒரு சிறு கருவி. விரல் தொடும் பக்கங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்: உப்புத்தாள், மெதுதோல், பட்டு. எடை மாறாது, வழுக்கல் மட்டும் மாறும். பங்கேற்றவர்கள் சும்மா தூக்கினார்கள், யாரும் எதையும் கணக்கிடவில்லை. அப்படியிருந்தும் பட்டு என்றால் அதிகமாகவும் உப்புத்தாள் என்றால் குறைவாகவும் விரல்கள் தாமாகவே அழுத்தின. பிடிவிசையும் தூக்குவிசையும் சேர்ந்தே ஏறின. அவற்றின் விகிதத்தைத்தான் விரல்கள் மாற்றிக்கொண்டன. நழுவும் எல்லைக்கு மேல் விட்டுவைத்த உபரி பொதுவாகப் பத்திலிருந்து நாற்பது சதவீதம்தான்.

பொருள் துளி நழுவினால் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்குள் பிடி இறுகிவிடுகிறது. யோசித்துச் செய்ய அந்த நேரம் போதாது. நழுவுவது பல சமயம் நமக்குத் தெரிவதுகூட இல்லை. அடுத்த முறை அதே பொருளைத் தூக்கும்போது, முந்தைய முறை கற்ற அளவிலேயே கை தொடங்குகிறது. பட்டை எடுத்துவிட்டுச் சொல்லாமல் உப்புத்தாளை வைத்தால் முதல் கணம் கூடுதலாக அழுத்தும், தொட்டவுடன் வரும் சேதியைக் கேட்டு உடனே திருத்திக்கொள்ளும்.

பிறகு ஆய்வாளர்கள் பங்கேற்றவர்களின் விரல்களை மரத்துப்போகச் செய்தார்கள். தசை அப்படியே இருக்கிறது, நரம்பின் கட்டளையும் போகிறது, விரல் தோலின் சேதி மட்டும் வருவதில்லை. பட்டு, உப்புத்தாள் என்ற வேறுபாட்டுக்கு ஏற்ப விசையை மாற்றும் திறமை போய்விட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில், விரல் மரத்தவர்கள் தேவைக்கு மேல் மிகவும் இறுக்கிப் பிடிப்பதும் பதிவாகியிருக்கிறது. வயதானவர்களிடமும் அதே போக்கு தெரிகிறது: தொடுஉணர்வு மங்குகிறது, தோல் வறண்டு வழுக்குகிறது, பிடி அதற்கு ஈடாக இறுகுகிறது. உணர்வு குறையும்போது விசை ஏறுகிறது. உங்கள் ரோபோ கை ஏன் எல்லாவற்றையும் நசுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. அது மரத்துப்போன கை.

ஒரு உள்ளங்கையில், விரல்களையும் சேர்த்து, சுமார் 17,000 தொடுஉணர் நரம்பிழைகள் இருப்பதாக யோஹான்சனும் அவருடைய ஆசிரியர் ஓகே வால்பூவும் 1979இல் கணக்கிட்டார்கள். உங்கள் கையில் எத்தனை சென்சார்? பெரும்பாலும் பூஜ்யம். இரண்டு இருந்தால் அந்தக் குழுவுக்கு நான் எழுந்து நின்று கைகொடுப்பேன்.

கைரேகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘டயர் பட்டன்போல ரேகை பிடிமானம் தருகிறது’ என்று ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். மான்செஸ்டரில் ரோலண்ட் எனோஸ் குழுவினர் 2009இல் அக்ரிலிக் தகட்டின்மேல் விரலை இழுத்து அளந்தபோது, தோல் ரப்பரைப்போல நடந்துகொண்டது. ரேகையின் பள்ளங்கள் தொடுபரப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன, ஆகவே உலர்ந்த வழவழப்பான தளத்தில் உராய்வும் குறைகிறது. அதே ஆண்டு பாரிஸில் வேறொரு குழு, செயற்கை விரல்நுனியில் ரேகை செதுக்கிப் பார்த்து, தேய்க்கும்போது எழும் அதிர்வுகளில் நம் நரம்புமுனைகளுக்கு நன்றாகக் கேட்கும் அலைவெண்களை ரேகை பெருக்குகிறது என்று காட்டியது. இது வழக்கு முடிந்த விஷயமில்லை. என் ஊகம், ரேகைக்குப் பிடிப்பதைவிடக் கேட்பதில் பங்கு அதிகம். தண்ணீரில் ஊறினால் விரல் சுருங்குவதும் தோல் வெறுமனே ஊறுவதால் இல்லை. நரம்பு அறுந்த விரல் சுருங்குவதில்லை என்பது 1930களிலேயே தெரியும். நியூகாசிலில் 2013இல் நடந்த சோதனையில், சுருங்கிய விரல்கள் ஈரமான கோலிக்குண்டுகளை வேகமாக எடுத்து மாற்றின. உலர்ந்தவற்றில் வேறுபாடு இல்லை.

பிடி என்றாலே நமக்கு உடும்புதான் நினைவுக்கு வரும். கயிறு கட்டி எறிந்து கோட்டைச் சுவர் ஏறிய கதைகளை எல்லாரும் கேட்டிருக்கிறோம். கதையை விடுங்கள், இயற்பியலைப் பாருங்கள். உடும்பின் நகம் கல்லின் மேடுபள்ளத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொள்கிறது. சொரசொரப்பு இல்லாத கண்ணாடியில் அந்த நகத்துக்கு வேலை இல்லை. கண்ணாடியில் ஏறுவது பல்லி. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் ஏறத்தாழ ஐந்து லட்சம் நுண்மயிர்கள்; ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்கான மிகச்சிறு தகடுகளாகப் பிரிகிறது. ஒரே ஒரு மயிர் எவ்வளவு இழுக்கும் என்பதை அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் குழு 2000இல் அளந்தது: சுமார் 200 மைக்ரோநியூட்டன். அதன் காரணம் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வான் டெர் வால்ஸ் விசை என்பதை 2002இல் உறுதிசெய்தார்கள். பசையும் இல்லை, உறிஞ்சலும் இல்லை.

எல்லாரும் அந்த ஒட்டும் திறனைச் சொல்லி வியக்கிறார்கள். எனக்கு வியப்பு விடுபடுவதில்தான். மயிர் சுவரோடு செய்யும் கோணம் சுமார் 30 பாகையைத் தாண்டினால் அது தானாகக் கழன்றுவிடும். பல்லி விரல்நுனியைச் சுருட்டி எடுப்பது அதற்காகத்தான். பக்கவாட்டில் இழுத்தால் பிடி, கோணத்தை மாற்றினால் விடுதலை, இறுக்கி அமுக்க வேண்டாம். ஸ்டான்ஃபோர்டில் மார்க் கட்கோஸ்கி குழு இதே கருத்தில் சுவரேறும் ‘ஸ்டிக்கிபாட்’ ரோபோவைச் செய்தது. பிறகு விண்வெளிக் குப்பையைப் பிடிக்கும் க்ரிப்பரை நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கி 2017இல் வெளியிட்டது. வெற்றிடத்தில் உறிஞ்சுகிண்ணம் வேலை செய்யாது. மிதக்கும் பொருளை அழுத்திப் பிடிக்கப் போனால் அது தள்ளிக்கொண்டு ஓடும். அங்கே அழுத்தாத பிடிதான் பொருத்தம்.

காபித்தூள் க்ரிப்பர் தெரியுமா? 2010இல் சிகாகோ, கார்னெல் பல்கலைக்கழகங்களும் ஐரோபோட் நிறுவனமும் சேர்ந்து செய்தது. ரப்பர் பலூனுக்குள் அரைத்த காபித்தூள். பொருளின்மேல் அழுத்தினால் தூள் வளைந்துகொடுத்து அணைத்துக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால் துகள்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு கெட்டியாகிவிடும். விரலும் இல்லை, மூட்டும் இல்லை. பட்ஜெட் இல்லாத குழுக்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். வௌவாலையும் கவனியுங்கள். அதன் கால்விரல் தசைநாணில் ஒரு பூட்டு இருக்கிறது; உடல் எடையே பூட்டை இறுக்குவதால், தசைக்குச் செலவில்லாமல் நாளெல்லாம் தொங்குகிறது. உங்கள் சர்வோவுக்குப் பதிலாக வார்ம் கியர் போட்டால் கிட்டத்தட்ட அதே பலன்: பிடித்த பிறகு மின்சாரம் வேண்டாம்.

வடிவத்தால் பிடிப்பதையும் மறந்துவிடாதீர்கள். பாட்டிலின் கழுத்து விளிம்புக்குக் கீழே விரலைக் கொடுத்தால் உராய்வுக்கே வேலை இல்லை. ஒரு தளத்தில் இருக்கும் பொருளை உராய்வின்றி அசையாமல் நிறுத்தக் குறைந்தது நான்கு தொடுபுள்ளிகள் வேண்டும் என்று ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்.

உங்கள் கல்லூரிக்குள்ளேயே பிடியின் பாடம் ஒன்று இருக்கிறது: மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் கம்பியை இழுத்துச் சோதிக்கும் யூ.டி.எம். அதன் ஆப்புத் தாடைகள் இழுக்க இழுக்கத் தாமே இறுகும். இறுக்கம் குறைந்தால் கம்பி தாடைக்குள் வழுக்கி, வரைபடத்தில் பொய்யான நீட்சி விழும். கூடினால் தாடையின் பல் கம்பியைக் கடித்து, அந்த இடத்திலேயே முறியும். அந்த முடிவை ஏற்க முடியாது. கார்பன் இழைப் பட்டைகளைச் சோதிப்பவர்கள் முனைகளில் வேறொரு தகட்டை ஒட்டிய பிறகே தாடைக்குள் கொடுப்பது இதனால்தான். லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் கேளுங்கள். இந்த நடுவழியைக் கையாலேயே அறிந்தவர் அவர்.

மருத்துவர்களும் பிடியை அளக்கிறார்கள். லான்செட் இதழில் 2015இல் வந்த, இந்தியாவையும் உள்ளடக்கிய 17 நாடுகளின் ஆய்வில், சுமார் 1.4 லட்சம் பேரின் கைப்பிடி வலிமையைப் பார்த்தார்கள். 5 கிலோ குறையும்போதெல்லாம் இறப்பு ஆபத்து 16 சதவீதம் கூடியிருந்தது. பிடியை அளக்கும் டைனமோமீட்டர் காட்டுவது மனிதரின் உடல்நிலையை. சிலர் அந்த எண்ணை எடுத்து ரோபோ கைக்கு இலக்காக வைக்கிறார்கள். அதில் பொருளில்லை. இறுக்கம்தான் பெருமை என்றால் தேங்காய் நண்டிடம் தோற்றுவிடுவோம். ஜப்பானில் அளந்த ஒரு நண்டின் கொடுக்கு 1,765 நியூட்டன் காட்டியது. அதற்கு நேர்மாறாக, மனிதரோடு வேலை செய்யும் ரோபோக்களுக்கான ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 15066 ஆவணம் 2016இல் வைத்த வரம்பு, மனிதரின் கையை ரோபோ நசுக்கினால் 140 நியூட்டனுக்கு மேல் போகக்கூடாது என்பது.

செயற்கைக் கை செய்கிறோம் என்று தொடங்கும் குழுக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கை இழந்த ஒருவர் ஒரு டம்ளரைப் பிடிக்கும்போது, பிடித்தோமா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அது பெரிய களைப்பு. ஓட்டோபாக் நிறுவனத்தின் சென்சார்ஹேண்ட் என்ற செயற்கைக் கை, பொருள் நழுவுவதைத் தானே கண்டு பிடியை இறுக்கும். அமெரிக்க ஆய்வகங்கள் சில, எஞ்சிய நரம்பைத் தூண்டித் தொடுஉணர்வையே திருப்பிக்கொடுத்து, முட்டையையும் திராட்சையையும் உடைக்காமல் எடுக்கவைத்திருக்கின்றன. நீங்கள் நரம்புவரை போக வேண்டாம். நழுவலைக் கண்டால் போதும்.

அது உங்கள் கைக்கு எட்டாததில்லை. வளைந்த மென்நுனி ஒன்று நழுவும்போது ஒரேயடியாக நழுவுவதில்லை. தொடுபரப்பின் ஓரம் முதலில் வழுக்கும், நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கும். ஓரத்தின் அந்த அசைவைப் பிடித்துவிட்டால் பொருள் விழுமுன்பே தெரிந்துவிடும். எம்.ஐ.டி.யில் எட்வர்ட் அடெல்சன் குழு 2009இல் காட்டிய ஜெல்சைட் சென்சார், மென்ஜெல்லின் பின்னால் கேமரா வைத்து அதன் சுருக்கங்களைப் பார்ப்பதுதான். சிலிகோனும் பழைய வெப்கேமும் இருந்தால் அதன் ஏழைத் தம்பியை ஹாஸ்டல் அறையிலேயே செய்யலாம். அதுவும் முடியாவிட்டால், பஸ்ஸருக்குள் இருக்கும் பீசோ வட்டு சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். ரப்பர் நுனியின் உள்ளே அதைப் பொதித்தால், நழுவலின் அதிர்வு மின்னழுத்தத் துடிப்பாக வரும். மோட்டாரின் சொந்த அதிர்வும் சேர்ந்து வரும். அதை வடிகட்டுவதுதான் உண்மையான ப்ராஜெக்ட்.

ஆகவே அடுத்த ரிவ்யூவுக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது இது. விரல்நுனிப் பொருளின் உராய்வுக் குணகத்தை நீங்கள் தூக்கப்போகும் பொருள்களின்மேல் உலர்ந்தும், நனைந்தும், எண்ணெய் தடவியும் அளந்து எழுதுங்கள். விரல்நுனியில் ஒரு லோடு செல் வைத்து, பிடியை மெல்லத் தளர்த்தி, பொருள் நழுவும் கணத்து விசையைக் குறியுங்கள். உங்கள் கை வழக்கமாகத் தரும் விசை அந்த எண்ணைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதையும் எழுதுங்கள். நாற்பது என்று வந்தால் அபாரம். நானூறு என்று வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன். அளக்காமல் வந்தால் குறைப்பேன்.

அந்த அட்டவணையை ரிப்போர்ட்டோடு முடித்துவிடாமல் துறை நூலகத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒவ்வொரு குழுவும் இணையத்தில் கிடைத்த 0.7-இலிருந்தே தொடங்குகிறது, அடுத்த ஆண்டு வருகிற ஜூனியர்களாவது உங்கள் எண்ணிலிருந்து தொடங்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வைவாவுக்கு வரும் வெளித்தேர்வாளர்